வெள்ளிக்கிழமை வருகை

ஆயுத பூஜைக்கு ஒரு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் இட்டு, நாலு கைப்பிடி பொரியையும் தலையில் கொட்டிய மகானைப் பார்க்க வேண்டுமா? கீழச்செவ்வூர் மறவா இல்லத்துக்குப் போங்கள். பெயர் லோகித்குமார், பதவி கண்காணிப்பாளர். வேலைக்கு வந்து நாலே மாதம் ஆகிறது. இதற்கு முன்னால் இருந்தவர் ஆயுத பூஜைக்கு அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாராம். அவருக்கு இருந்த புத்தியில் கால்வாசி இவருக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மகிழினி அந்த இயந்திரத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். மகிழினி என்று பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில் அவள் மகிழ்ந்து பார்த்தவர் மாவட்டத்தில் யாரும் கிடையாது. நினைவுக் கணினி பழுது பார்க்க அந்த மாவட்டத்துக்கே அவள் ஒருத்திதான். அதனால் அவளுடைய கைக்காக அவளுடைய வாயை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

"இது என்ன தம்பி?"

"வாழைக்கன்னு மேடம். பூஜைக்குக் கட்டினது."

"வாழைக்கன்னுன்னு தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டருக்கு எதுக்கு? கல்யாணமா அதுக்கு?"

"வருஷம் பூரா ஓடுது. ஒரு நாளாச்சும் ஓய்வு கொடுக்கணும்ல மேடம்? எங்கப்பா பஸ் டிரைவர். ஆயுத பூஜைன்னா பஸ்ஸையே நிப்பாட்டிருவாரு."

"பஸ்ஸு நின்னா சனம் எறங்கி நடந்துரும். இதுல ஏறி உக்காந்திருக்கிற முப்பத்தோரு பேரும் எங்கிட்டு எறங்குவாக? எப்படி அணைச்சீக? முறையாவா, பிளக்கைப் பிடுங்கியா?"

லோகித்குமார் சுவரைப் பார்த்தார். பிடுங்கித்தான்.

முப்பத்தோரு பேரும் மறதி நோய்க்காரர்கள். போனில் எல்லாம் இருக்கிறது என்று சொந்தத் தம்பி நம்பரைக்கூட மனதில் வைக்காமல் வளர்ந்த தலைமுறை. வயசாகிற நேரத்தில் மூளை, 'நீ கேட்காததை நான் எதற்கு வைத்துக்கொள்ள?' என்று கைவிரித்துவிட்டது. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் மிளகு அளவில் ஒரு சிப். அன்றன்றைக்கு நடப்பதை அது இந்தக் கணினிக்கு அனுப்பும். கணினி எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் திருப்பிக் கொடுக்கும். மகள் பெயர், குளியலறை எந்தப் பக்கம், சோற்றை வாயில் போட வேண்டும் என்பது உட்பட எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

பணிப்பெண் ஸ்டெல்லா ஓடிவந்தாள். பதினைந்து வருஷமாக இங்கே இருப்பவள். "அக்கா, காலையில இருந்து ஒருத்தரும் சாப்பிடல. இட்லியக் கையில குடுத்தா திருப்பித் திருப்பிப் பாக்குறாக. நிதிஷ் வாத்தியாரு தன் செருப்பையே தூக்கிக்கிட்டு, இது யாருதுன்னு ஒவ்வொரு கட்டிலாப் போயிக் கேக்குறாரு."

"சிப்பு எத்தனை மணி வரைக்கும் தாங்கும்?"

"நாலு மணி. அதுக்குள்ள மிஷின் கூப்பிடலேன்னா, மண்டை அதை ஒதுக்கிருமாம். அப்புறம் திருப்பி ஒட்டவே முடியாதாம்ல?"

"முடியாது" என்றாள் மகிழினி. மணி பன்னிரண்டு.

ஸ்டெல்லா போகாமல் நின்றாள். "உங்க அக்காவும் வராந்தாவுலதான்..."

"நான் மிஷினப் பாக்க வந்தேன். மனுசரைப் பாக்க வரல."

மகிழினியின் அக்கா ரோஷினி இங்கே பத்தொன்பதாம் எண் கட்டிலில் மூன்று வருஷமாக இருக்கிறாள். மகிழினி ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. காரணம் பெரிய கொலைக் குற்றம் இல்லை, ஒரு கல்யாணப் பத்திரிகை. ரோஷினி தன் மகன் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இருந்தது, சம்பந்தி வீட்டுச் சித்தப்பாவின் மச்சினன் பெயர் இருந்தது, வீட்டு நாயின் பெயர்கூட எலும்புத்துண்டுப் படத்தோடு இருந்தது. கூடப் பிறந்த தங்கச்சி பெயர் இல்லை. மகிழினி அந்தப் பத்திரிகையை நாலாகக் கிழித்துக் கூரியரில் திருப்பி அனுப்பினாள். 'செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்' என்று ஒரு துண்டுச்சீட்டும் வைத்தாள். சொன்ன சொல் தவறாதவள் என்று ஊரில் பெயர் வாங்குவதற்கு இதைவிட மட்டமான வழி ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை.

அவள் பொரியை ஊதித் தள்ளிவிட்டு இயந்திரத்தைப் போட்டாள். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்து நின்றது: தொடங்குவதற்கான கோப்பு கிடைக்கவில்லை.

"மிஷின் எந்திரிக்காட்டி எழுப்பி விடுற ரெஸ்க்யூ சிடி எங்க?"

"பத்திரமா இருக்கு மேடம்" என்று லோகித்குமார் முதன்முறையாக முகம் மலர்ந்து போய், ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தார். தாம்பாளத்தில் சரஸ்வதி படம், கணக்கு நோட்டு, ஸ்டெதஸ்கோப், அதன் மேல் ஒரு சாமந்திப் பூ. பூவுக்கு அடியில் சிடி. கண்ணாடிபோலப் பளபளக்கும் பக்கத்தில் மூன்று பொட்டுச் சந்தனம், நடுவில் குங்குமம், ஓரத்தில் மஞ்சள்.

மகிழினி சிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்டெல்லா இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"தம்பி, இந்தப் பக்கத்துலதான் மிஷின் படிக்கும். அந்தப் பக்கத்துல எழுத்து இருக்கு பாருங்க, பொட்டு வைக்க அங்கன எடமே கெடைக்கலயா?"

"பளபளன்னு இருந்தது மேடம். அதுதான் முகம்னு நினைச்சேன்."

"முகமா! அப்ப முதுகுல என்ன, பேரா எழுதி வச்சிருக்கு? எந்தக் காலேசுல படிச்சீக? அந்தக் காலேசுக்கும் பொட்டு வச்சு மூடிட்டாகளா?"

திட்டிக்கொண்டே வேலையைத் தொடங்கினாள். அவளுக்குத் திட்டு நின்றால் கை ஓடாது. சிடியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுச் சந்தனத்தை ஊறவைத்தாள். குழந்தை சோப்பை நுரைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாக ஒற்றி இழுத்தாள். வட்டமாகத் தேய்த்தால் கீறல், தகவல் பதிந்த வரியோடு சேர்ந்து ஓடிவிடும். சந்தனம் போனது, குங்குமம் போனது, மஞ்சள் மட்டும் போகமாட்டேன் என்றது. அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"இதை இன்டர்நெட்லயே இறக்கிக்க முடியாதா மேடம்?"

"முடியாது. ஒருகாலத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஒருத்தன் வெளியில இருந்தே உள்ள பூந்து, ஒரு கிழவருக்குத் தன்னை மகன்னு நெனப்பேத்தி வீட்ட எழுதி வாங்கிட்டான். அதுக்கப்புறந்தான் யாரும் கை வைக்க முடியாத மாதிரி சிடியில மட்டும்னு சட்டம் போட்டாக. சந்தனம் வைப்பாகன்னு சட்டம் போட்டவனுக்குத் தெரியல, பாவம்."

சிடியை உள்ளே தள்ளி, உன் சொந்தக் கோப்பைத் தேடாதே, இதிலிருந்து எழுந்திரு என்று இயந்திரத்துக்குச் சொன்னாள். அது இரண்டு தடவை திணறி, மூன்றாவது தடவை படித்தது. நீலத்திரை வந்தது.

"வந்திருச்சா மேடம்? சரியாயிருச்சா?"

"இன்னும் இல்ல. வீட்டுக்காரன் உள்தாழ்ப்பாள் போட்டுட்டு மயங்கிக் கெடந்தா, பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டைப் பிரிச்சு எறங்கிப் பாப்பான்ல? அந்த மாதிரி சிடி உள்ள எறங்கியிருக்கு. வீட்டுக்காரன் இன்னும் எந்திரிக்கல. எங்க அடிபட்டிருக்குன்னு இப்பத்தான் பாக்கணும்."

பார்த்தாள். முப்பத்தோரு பேரின் நினைவும் பத்திரமாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கிய நேரத்தில் கணினி எழுதிக்கொண்டிருந்த ஒரே ஒரு பெட்டகம் மட்டும் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் மாட்டிக்கொண்டுதான் இயந்திரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. பெட்டகத்தின் பெயர் 'வருகை'. மற்ற எல்லாவற்றையும் சேர்த்த அளவுக்கு அது ஒன்றே ஊதிக் கிடந்தது.

"வருகையா? யாரு வந்தா இங்க? அந்த வாசல் நோட்டைக் கொண்டாங்க."

வாசல் நோட்டில் மூன்று வருஷத்துக்கு நாற்பது கையெழுத்துகூட இல்லை. குழாய் ரிப்பேர்க்காரர், கேஸ் சிலிண்டர், சுகாதார ஆய்வாளர், தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர். மகன் என்றோ மகள் என்றோ ஒரு பெயர் கிடையாது.

லோகித்குமார் தொண்டையைக் கனைத்தார். "அது ஒரு வசதி மேடம். வீட்டுக்காரங்க வெளியூர், வெளிநாடுன்னு இருக்காங்க. வர முடியிறதில்ல. போன்ல ஒரு விண்ணப்பம் நிரப்பி அனுப்பினா, நாங்க அதை இங்க ஏத்திருவோம். வந்துட்டுப் போன மாதிரி கணினி நினைவு கொடுத்திரும்."

"வராமலே வந்த மாதிரியா?"

"பெரியவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவங்க சந்தோஷமா இருக்காங்க. நீங்களே கேட்டுப் பாருங்க, என் பையன் ஞாயித்துக்கிழமை வந்தான், பேரனோட வந்தான்னு பெருமையா சொல்வாங்க."

அவள் ஒரு விண்ணப்பத்தைத் திறந்தாள். நிதிஷ் வாத்தியாரின் மகன் நிரப்பியது. தங்கும் நேரம்: இருபது நிமிடம், நாற்பது நிமிடம். கொண்டுவருவது: பழம், அல்வா, மிக்சர். பேரன் உடன் வர வேண்டுமா? கிளம்பும்போது கண்கலங்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் அந்த உத்தமபுத்திரன் 'ஆம்' போட்டிருந்தான். தங்கும் நேரத்தில் மட்டும் இருபது நிமிடம்.

"அட நாசமாப் போறவனுகளா! பொய்யா வர்றதுக்குமா இருபது நிமிசம்? நாப்பது போட்டா காலு வலிச்சிருமா இவனுக்கு?" மகிழினி மேசையில் ஓங்கி அடித்தாள். "பெத்தவருக்கு மிக்சருன்னு டிக் அடிச்சிட்டு அங்கிட்டு நிம்மதியாத் தூங்குவான். நீங்களும் கூட நின்னு வெளக்குப் பிடிப்பீக!"

திரையில் சிடி இரண்டு வழி கேட்டது. கிழிந்த பெட்டகத்தைத் தைத்து மீட்கலாம், ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். அல்லது அதை மொத்தமாகக் கழித்துவிட்டுத் தொடங்கலாம், நாற்பது நிமிடம் போதும். மணி இரண்டேகால்.

"தைக்கவே நேரம் இருக்கு மேடம்" என்றார் லோகித்குமார் கெஞ்சலாக.

"நேரம் இருக்கு. மனசு இல்ல."

"அவங்க தாங்க மாட்டாங்க மேடம்."

"தாங்கட்டும். எது பொய், எது மெய்யின்னு தெரிஞ்சுக்கிட்டுத் தாங்கட்டும். பெத்த பிள்ளை எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்கவாச்சும் அவுகளுக்கு உரிமை இல்லையா? எந்தப் பய என்னை என்ன செய்வான்னு பாக்குறேன்."

கழி என்று அழுத்தினாள். அந்த நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

சிடி ஒவ்வொரு பெயராகக் காட்டிக்கொண்டே போனது. நிதிஷ், மகன், 214 வருகை, நீக்கப்பட்டது. அடுத்தவர், இரண்டு மகள்கள், 97 வருகை, நீக்கப்பட்டது. ஒவ்வொரு வரிக்கும் மகிழினி ஒரு வசவு வைத்திருந்தாள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி வைதாள். பத்தொன்பதாவது வரி வந்தது.

ரோஷினி, தங்கை மகிழினி, 156 வருகை, நீக்கப்பட்டது.

வாயிலிருந்த வசவு வெளியே வரவில்லை. மறுபடி படித்தாள். அதற்குள் இருபதாவது வரி வந்து அதை மேலே தள்ளிவிட்டது.

"என் பேருல யாரு போட்டது? எவன் போட்டான்?" லோகித்குமாரின் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாது மேடம், நான் வந்தே நாலு மாசந்தான்..."

"அவுகளேதான் போட்டாக" என்றாள் ஸ்டெல்லா. "சேர்ந்த அன்னைக்கே. மகன் போன்ல நெரப்பவான்னு கேட்டதுக்கு வேண்டாம்னுட்டு, பேப்பர் வாங்கித் தன் கையாலயே எழுதிக் குடுத்தாக. நாந்தான் வாங்கி வச்சேன்." அலமாரியில் தேடி, பத்தொன்பதாம் எண் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள்.

அக்காவின் கையெழுத்துதான். கோணல்மாணலாக, ஆனால் அக்காவினுடையதுதான்.

'வருபவர்: என் தங்கச்சி மகிழினி. கிழமை: வெள்ளி. கொண்டுவருவது: ஒன்றும் வேண்டாம், அவள் எப்போதும் கையை வீசிக்கொண்டுதான் வருவாள். பேச வேண்டியது: பத்திரிகையில் பேர் விட்டதற்கு என்னைத் திட்ட வேண்டும். அரை மணி நேரமாவது திட்ட வேண்டும். கொஞ்சிப் பேசினால் அது அவள் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோகும். கிளம்பும்போது கண்கலங்க வேண்டுமா: கூடாது. அவள் அழ மாட்டாள்.'

கடைசியில் 'மற்ற விவரம்' என்ற கட்டத்தில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. 'பேரை வேண்டுமென்று விடவில்லை. அச்சுக்குக் கொடுக்கிற அன்றைக்குக் கூடப் பிறந்தவள் பேர் எனக்கு வரவில்லை. எவ்வளவோ யோசித்தேன், வரவே இல்லை. வெட்கப்பட்டு யாரிடமும் கேட்காமல் விட்டுவிட்டேன். நோய் அப்போதே தொடங்கிவிட்டது என்று இப்போது டாக்டர் சொல்கிறார். இதை மகிழினிக்குச் சொல்ல வேண்டாம். தெரிந்தால் திட்ட மாட்டாள்.'

மகிழினி தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திரையில் இருபத்தெட்டாவது வரி ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்திரலாமா மேடம்?" லோகித்குமார் பிளக் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீக! பாதியில நிறுத்துனா முப்பத்தோரு பேரும் போயிருவாக." கத்தல் என்னவோ பழைய கத்தல்தான், குரல் மட்டும் உடைந்திருந்தது. "போனது போயிருச்சு. நாந்தானே அமுக்குனேன்? தைக்க நேரம் இருந்துச்சு. நாந்தான் அமுக்குனேன்."

மூன்று மணிக்குச் சிடி தானாக வெளியே வந்தது. இயந்திரம் தன் சொந்தக் காலில் எழுந்தது. கட்டில் பக்கமிருந்து ஒரு சலசலப்பு கேட்டது. யாரோ சட்னி கேட்டார்கள். யாரோ ஸ்டெல்லாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லோகித்குமார் கையெடுத்துக் கும்பிட்டார், கணினியைத்தான்.

முதலில் வந்தவர் நிதிஷ் வாத்தியார். காலில் செருப்பு இருந்தது.

"தம்பி, என் பையன் கடைசியா எப்ப வந்தான்?"

லோகித்குமார் மகிழினியைப் பார்த்தார். மகிழினி தரையைப் பார்த்தாள்.

"வந்துக்கிட்டுதான் இருந்தான்னு ஒரு நெனப்பு. எண்ணிப் பாத்தா ஒண்ணுகூடத் தேறல. நாப்பது வருசம் கணக்கு வாத்தியாரு, எனக்கே கணக்கு வரமாட்டேங்குதே" என்று சிரிக்கப் பார்த்தார். இருவர் முகத்தையும் பார்த்ததில் அவருக்கே விடை தெரிந்துவிட்டது. மெல்ல நடந்துபோய், கேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வராந்தா பக்கம் நடந்தாள். லோகித்குமார் பின்னாலேயே ஓடிவந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். விண்ணப்பம் கொடுத்தது ஞாபகம் இருந்தா வருகையை உங்க அக்கா நம்ப மாட்டாங்கல்ல? அதனால கொடுத்த ஞாபகத்தையே கணினியில மறைச்சு வச்சிருந்தாங்க. அந்த மறைப்பும் அதே பெட்டகத்துலதான் இருந்துச்சு. இப்ப அதுவும் போயிருச்சு. விண்ணப்பம் எழுதினது அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்க வந்து போனது எதுவும் இருக்காது."

"நான் எங்க வந்தேன்?" என்றாள் மகிழினி.

வராந்தாக் கோடியில் ரோஷினி இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், பாதியாய் இளைத்திருந்தாள். மகிழினி வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்து, கண்ணைச் சுருக்கி, தலையிலிருந்து கால்வரை அளந்தாள். முகம் மெல்ல விரிந்தது.

"அட, வந்திருச்சே! ஸ்டெல்லா, இங்க பாரு, எழுதிக் குடுத்த மாதிரியே வந்திருச்சு." எச்சில் படாத கையை நீட்டி மகிழினியின் கன்னத்தைத் தொட்டாள். "தொட்டாக்கூடச் சூடா இருக்கே. நரை எல்லாம் போட்டிருக்காக. விண்ணப்பத்தோட நான் குடுத்த போட்டோவுல நரை இல்ல. பரவாயில்ல, வெவரமான மிஷினுதான்."

"அக்கா, நாந்தாங்க்கா. மகிழினி."

"அப்படித்தான் சொல்லும்னு சொன்னாக." ரோஷினி தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கச்சேரி கேட்க உட்காருகிறவள்போல வசதியாகச் சாய்ந்தாள். "ம், ஆரம்பி. பத்திரிகையில இருந்து ஆரம்பி."

மகிழினி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து கண்காணிப்பாளரை, சந்தனத்தை, சட்டம் போட்டவனை, ஊரார் பெற்ற பிள்ளைகளை எல்லாம் வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தவள். ஒரு சொல் வந்தால் போதும். நாய் பேரைப் போட்டியே என்று ஆரம்பித்தால்கூடப் போதும், அக்கா நம்பிவிடுவாள். அந்தச் சொல்லைத் தேடினாள். மடித்த தாள் கையில் கசங்கியது. தொண்டையிலிருந்து வந்தது வேறு.

"என்னை மன்னிச்சிரு அக்கா" என்று தரையில் உட்கார்ந்து, அக்காவின் மடியில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.

ரோஷினி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அழுகை நிற்கிற வழியாக இல்லை. அவள் முகம் சுருங்கியது. மடியிலிருந்த தலையை இரண்டு கையாலும் மெதுவாக, ஒரு பொருளை நகர்த்துவதுபோல, அப்பால் நகர்த்திவைத்தாள்.

"ஸ்டெல்லா, இது சரியில்லடி. தெளிவா எழுதிக் குடுத்தேன்ல, அழக் கூடாதுன்னு? மூஞ்சிய அப்படியே அச்சா பண்ணிட்டு, குணத்துல கோட்டை விட்டுட்டாகளே. என் தங்கச்சி உசுரே போனாலும் மன்னிச்சிருன்னு கேக்க மாட்டா." கீழே வைத்த தட்டை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதை அனுப்பிச்சிட்டு, அடுத்த வெள்ளிக்காச்சும் சரியானதா அனுப்பச் சொல்லு."